ஹோட்டல் கிரெடிட் கார்டின் வெல்கம் போனஸ்: அமெரிக்காவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெல்கம் போனஸ் என்றால் என்ன? கார்டு வந்ததும் பாயிண்ட் வந்துவிடுமா?

வராது. "முதல் 3 மாதத்தில் 3,000 டாலர் செலவு செய்தால் இத்தனை பாயிண்ட்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். அந்தச் செலவை முடித்த பிறகுதான் பாயிண்ட்டோ, இலவச இரவுக்கான சர்டிபிகேட்டோ உங்கள் ஹோட்டல் கணக்கில் ஏறும். ஹில்டன் கார்டுகளை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தருகிறது. ஹயாத், ஐஎச்ஜி (ஹாலிடே இன் ஹோட்டல்களின் குழுமம்) கார்டுகள் சேஸ் வங்கியுடையவை. மாரியட்டுக்கு இரண்டு இடத்திலும் கார்டு உண்டு. எந்த வங்கி தருகிறது என்பது முக்கியம், ஏனென்றால் போனஸ் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று தீர்மானிப்பது ஹோட்டல் அல்ல, வங்கிதான்.

ஒரு கார்டில் 30,000 பாயிண்ட், இன்னொன்றில் 1,30,000. பெரிய எண்ணைப் பார்த்து எடுக்கலாமா?

கூடாது. நிறைய பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு ஹோட்டலின் பாயிண்ட்டும் ஒரு தனி நாணயம் மாதிரி. ரூபாயையும் டாலரையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட மாட்டோம் அல்லவா? பரவலாகப் போடப்படும் கணக்கில் ஹயாத் பாயிண்ட் ஒன்று சுமார் 1.5 முதல் 2 சென்ட், மாரியட் 0.7 முதல் 0.8 சென்ட், ஹில்டனும் ஐஎச்ஜியும் அரை சென்ட்டை ஒட்டி. இதன்படி 1,30,000 ஹில்டன் பாயிண்ட் ஏறத்தாழ 650 டாலர். 30,000 ஹயாத் பாயிண்ட் 500 டாலர் பக்கம். எண்ணில் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம், மதிப்பில் கொஞ்சம்தான். அதே ஹயாத் போனஸ் 60,000 என்று இருந்தால் அதுவே 1,000 டாலர் பக்கம் போய், ஹில்டனை முந்திவிடும்.

இதெல்லாம் சராசரிதான். நீங்கள் தங்கப்போகும் ஹோட்டலில், தங்கப்போகும் தேதியில் என்ன மதிப்பு என்பதே உங்களுக்கு வேண்டிய கணக்கு.

அந்தக் கணக்கை நானே போடுவது எப்படி?

கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே போட வேண்டும். ஹோட்டலின் இணையதளத்தில் ஊர், தேதி, எத்தனை பேர் என்று கொடுத்துத் தேடுங்கள். தேடும் இடத்திலேயே பாயிண்ட்டில் விலை காட்டச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். ஒரு முறை அதை டிக் செய்தும், ஒரு முறை செய்யாமலும் பாருங்கள். பண விலை பார்க்கும்போது முதலில் கண்ணில் படும் விலையை எடுக்காதீர்கள். பணம் கட்டும் பக்கம் வரை போய், வரியெல்லாம் சேர்ந்த மொத்தத்தை எடுங்கள்.

உதாரணத்துக்கு, இரண்டு இரவு. அறை ஓர் இரவுக்கு 210 டாலர், ஆக 420. வரி 14 சதவீதம், 58.80. மொத்தம் 478.80 டாலர். அதே அறை பாயிண்ட்டில் ஓர் இரவுக்கு 30,000, இரண்டுக்கு 60,000. 47,880 சென்ட்டை 60,000ஆல் வகுத்தால் 0.798. அதாவது பாயிண்ட் ஒன்றுக்கு சுமார் 0.8 சென்ட்.

இப்போது அந்த ஹோட்டல் அறை வாடகைக்கு மேல் தனியாக ஓர் இரவுக்கு 35 டாலர் ரிசார்ட் கட்டணமும் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹயாத்திலும் ஹில்டனிலும் முழுக்க பாயிண்ட்டில் தங்கினால் இந்தக் கட்டணம் கிடையாது. அதனால் மிச்சமாகும் 70 டாலரையும் கூட்ட வேண்டும்: 548.80 டாலர், பாயிண்ட் ஒன்றுக்கு 0.91 சென்ட். மாரியட்டில் பாயிண்ட்டில் தங்கினாலும் ரிசார்ட் கட்டணத்தை வாங்குவார்கள். அங்கே இதைக் கூட்டக் கூடாது. அது எப்படியும் உங்கள் கையிலிருந்து போகப்போகும் பணம்.

இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாயிண்ட் இல்லாவிட்டால் இந்த 240 டாலர் அறையில் தங்குவீர்களா, அல்லது 130 டாலர் அறைக்குப் போவீர்களா? 130 என்றால் உங்களுக்கு மிச்சம் 130தான்.

போனஸ் பாயிண்ட்டாக வருவது நல்லதா, இலவச இரவு சர்டிபிகேட்டாக வருவது நல்லதா?

இரண்டும் ஒரே மதிப்பு என்று தோன்றினால் பாயிண்ட்டையே எடுங்கள். சர்டிபிகேட் வெளிப்பார்வைக்கு அழகாக இருக்கும், உள்ளே கட்டுப்பாடுகள் அதிகம்.

மாரியட் கார்டுகளில் "50,000 பாயிண்ட் வரை மதிப்புள்ள 3 இலவச இரவு" போன்ற போனஸ் அடிக்கடி வரும். 3 இரவு என்றால் 1,50,000 பாயிண்ட் என்று விளம்பரம் பெருக்கிக் காட்டும். நடப்பில் நீங்கள் போகும் ஹோட்டல் 38,000 பாயிண்ட் என்றால் மீதி 12,000 திரும்ப வராது. 52,000 என்றால் சர்டிபிகேட் மட்டும் போதாது, கையிலிருந்து பாயிண்ட் சேர்க்க வேண்டும். 2022 முதல் மாரியட் ஒரு சர்டிபிகேட்டோடு 15,000 பாயிண்ட் சேர்க்கும் வசதியைத் தந்தது. புதிதாகக் கார்டு எடுத்தவரிடம் அந்த உதிரி பாயிண்ட் பெரும்பாலும் இருக்காது என்பதுதான் சிக்கல். அதே 2022இல் மாரியட் நிலையான விலைப் பட்டியலைக் கைவிட்டது. ஒரே அறை செவ்வாய்க்கிழமை 44,000, சனிக்கிழமை 61,000 என்று மாறினால், சர்டிபிகேட் மட்டும் சனிக்கிழமைக்குப் போதாது.

மாரியட்டிலும் ஹில்டனிலும் பாயிண்ட்டில் 5 இரவு எடுத்தால் ஓர் இரவு இலவசம் (ஹில்டனில் சில்வர் என்ற உறுப்பினர் நிலையாவது வேண்டும், கட்டணமில்லாத ஹில்டன் கார்டே அதைத் தருகிறது). சர்டிபிகேட்டில் எடுத்த இரவுகள் இந்தச் சலுகையில் சேராது. ஒரு வாரம் ஒரே இடத்தில் தங்கும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு.

காலாவதியும் உண்டு. சர்டிபிகேட் பெரும்பாலும் 12 மாதம்தான். அதற்குள் புக் செய்தால் போதாது, தங்கி முடித்திருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் பயணம் என்றால், சர்டிபிகேட் எந்த மாதம் கைக்கு வரும் என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்து விண்ணப்பியுங்கள். செப்டம்பரில் வந்தால் அடுத்த கோடை முழுதும் உள்ளே அடங்கும். ஜூலைக் கடைசியில் வந்தால் இந்தக் கோடையில் ஆகஸ்ட் மட்டுமே மிஞ்சும், அடுத்த கோடையில் ஜூலை வரைதான் கிடைக்கும்.

விதிவிலக்கு ஹில்டன். அதன் இலவச இரவுக்குப் பாயிண்ட் உச்சவரம்பு இல்லை. சாதாரண அறை பாயிண்ட்டில் கிடைக்கும் நாளாக இருந்தால், சில விலக்குகள் தவிர எந்த ஹோட்டலிலும் செல்லும். மிக விலை உயர்ந்த ஹோட்டலில் ஓர் இரவு தங்க ஆசை இருப்பவருக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் இல்லை.

அப்படியானால் எந்த ஹோட்டல்?

உங்கள் வீட்டுப் பயணங்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். காரில் நெடுஞ்சாலை வழியாகப் போய் இரவு தங்கும் குடும்பம் என்றால் ஹில்டனின் ஹாம்ப்டன் இன், ஐஎச்ஜியின் ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் இரண்டும் நெடுஞ்சாலை ஓரங்களில் நிறைய இருக்கும், காலை உணவும் உண்டு. ஹில்டனோ ஐஎச்ஜியோ பொருந்தும். ஐஎச்ஜி பிரீமியர் கார்டில் பாயிண்ட்டில் தங்கும்போது நான்காவது இரவு இலவசம். நீண்ட வாரயிறுதிக்கு இது கச்சிதம்.

ஹயாத் பாயிண்ட்டுக்கு மதிப்பு அதிகம், ஆனால் ஹோட்டல்கள் குறைவு. சிறிய ஊர்கள் பலவற்றில் ஹயாத்தே இருக்காது. பெரிய நகரங்களுக்குப் போகிறவர் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஹயாத்தை நினைப்பவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சேஸின் சஃபையர் ப்ரிஃபர்டு போன்ற கார்டில் சேரும் பாயிண்ட்டை ஹயாத்துக்கு ஒன்றுக்கு ஒன்று மாற்றலாம். அதே பாயிண்ட்டை விமானத்துக்கும் மாற்றலாம். முதல் கார்டாக எடுக்கும்போது ஹயாத்தின் சொந்தக் கார்டைவிட இதுவே மேல் என்பது எங்கள் கருத்து. ஹில்டனுக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே ஹில்டன் கார்டின் போனஸே பாயிண்ட் சேர்க்கச் சுலபமான வழி.

ஊருக்குப் போகும்போது பயன்படுத்த நினைத்தால்: சென்னையில் பார்க் ஹயாத், ஹயாத் ரீஜென்சி, ஹில்டன் மூன்றும் உண்டு. ஐடிசி கிராண்ட் சோழா மாரியட்டின் வரிசையில் வருகிறது. மாமல்லபுரம் பக்கம் ஐஎச்ஜியின் இன்டர்கான்டினென்டலும், மாரியட்டின் ஷெரட்டனும் இருக்கின்றன. மதுரையில் கோர்ட்யார்டு, கோயம்புத்தூரில் லெ மெரிடியன், இரண்டும் மாரியட். சென்னையைத் தாண்டித் தமிழ்நாட்டில் தங்குவோருக்கு மாரியட்டின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் பண விலையே குறைவாக இருக்கும் நாட்கள் நிறைய. மேலே சொன்ன கணக்கைப் போடாமல் பாயிண்ட்டைக் கரைக்காதீர்கள்.

சேஸின் 5/24 விதி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

கடந்த 24 மாதத்தில் எந்த வங்கியிலானாலும் 5 அல்லது அதற்கு மேல் கார்டு திறந்திருந்தால் சேஸ் பொதுவாகப் புதுக் கார்டு தராது. இது எழுதப்படாத விதி, ஆனால் பெரும்பாலும் நடைமுறையில் இருக்கிறது. கணவரோ மனைவியோ தம் கணக்கில் உங்கள் பெயருக்குக் கூடுதல் கார்டு வாங்கியிருந்தால் அதுவும் இதில் எண்ணப்படும். "வீட்டில் ஆளுக்கொரு கார்டு இருக்கட்டும்" என்று வாங்கிவைத்து, பிறகு இதில் மாட்டுபவர்கள் பலர்.

அதனால் வரிசை: சேஸ் கார்டுகள் (ஹயாத், ஐஎச்ஜி, மாரியட்டில் சேஸ் தருபவை) முதலில், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிறகு. மாரியட்டில் ஒரு வங்கியின் கார்டு வைத்திருந்தால் மற்ற வங்கியின் மாரியட் கார்டுக்கு போனஸ் கிடைக்காமல் போக வழி உண்டு. அந்த நிபந்தனைகள் விண்ணப்பப் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் இருக்கும். சலிப்பாக இருந்தாலும் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் "வாழ்நாளில் ஒருமுறை" என்கிறார்களே?

ஒரு குறிப்பிட்ட கார்டை முன்பு வைத்திருந்தாலோ, இப்போது வைத்திருந்தாலோ அதே கார்டுக்கு மறுபடி வெல்கம் போனஸ் இல்லை. ஆகவே போனஸ் தாழ்ந்திருக்கும் நேரத்தில் அவசரப்பட்டு எடுத்தால் அந்த ஒரு வாய்ப்பு வீணாகிவிடும். ஒரே கார்டின் போனஸ் ஓர் ஆண்டுக்குள் பலமுறை ஏறி இறங்கும். நண்பர் அனுப்பும் பரிந்துரை இணைப்பிலும், ஹோட்டலின் புக்கிங் பக்கத்திலும், பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்திலும் வேறு வேறு எண் காட்டலாம். மூன்றையும் பார்த்துவிட்டு, பெரியதன் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

போனஸுக்கு நீங்கள் தகுதியில்லை என்றால் விண்ணப்பத்தை முடிக்கும் முன் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். அங்கேயே நிறுத்திவிட்டால் கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவு ஏதும் விழாது.

செலவு இலக்கில் எங்கே தவறுகிறது?

முதலில் நாள் கணக்கு. கடிகாரம் ஓடத் தொடங்குவது கார்டு தபாலில் வரும் நாளிலிருந்து அல்ல, கணக்கு அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்து. மார்ச் 4 அனுமதி, 12ஆம் தேதி கார்டு கைக்கு வருகிறது என்றால் எட்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. சரியான கடைசித் தேதியை வங்கிக்குச் செய்தி அனுப்பி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்பே முடிப்பது என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. கடைசி நாளில் இணையத்தில் வாங்கிய பொருளுக்குக் கடைக்காரர் அனுப்பும்போதுதான் பணம் எடுப்பார். அது கடைசித் தேதியைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டாவது, எது சேராது என்பது. ஆண்டுக் கட்டணம், வட்டி, பணமாக எடுத்தது, வேறு கார்டிலிருந்து மாற்றிய பாக்கி எதுவும் சேராது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை கழியும். 3,000 இலக்குக்கு 3,020 செலவு செய்து, 45 டாலர் செருப்பைத் திருப்பிக் கொடுத்ததால் போனஸ் நழுவுவது நடக்கக்கூடியதே. 150, 200 டாலர் கூடுதலாகவே செலவு செய்து வையுங்கள். கிஃப்ட் கார்டுகளை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் நிபந்தனையிலேயே விலக்குகிறது.

ஊருக்குப் பணம் அனுப்பும் செயலியில் கிரெடிட் கார்டைக் கொடுத்து இலக்கை எட்டலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வங்கி பெரும்பாலும் அதைப் பணம் எடுத்ததாகவே எழுதும். இலக்கில் சேராது, தனிக் கட்டணம் விழும், வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும்.

மூன்று மாதத்தில் அவ்வளவு செலவே எனக்கு இல்லையே?

பெரிய செலவு வரும் மாதத்தோடு பொருத்துங்கள். ஆறு மாத கார் இன்சூரன்ஸ், ஊருக்குப் போகும் விமான டிக்கெட், பிள்ளைகளின் கோடை முகாம் கட்டணம் ஒன்றாக விழும் நேரம் பார்த்து விண்ணப்பித்தால் இலக்கு தானாக முடியும். கூடுதல் கார்டில் செய்யும் செலவும் சேரும், ஆனால் 5/24 பற்றி மேலே சொன்னதை மறக்காதீர்கள்.

இன்னும் 800 டாலர் குறைகிறது என்றால் சொத்து வரியைக் கார்டில் கட்டலாம். 2.5 சதவீதக் கட்டணம் என்றால் 20 டாலர். 500 டாலர் போனஸுக்கு 20 டாலர் தாங்கும். ஆனால் 3,000 முழுவதையும் அப்படிக் கட்டினால் 75 டாலர். அதற்கு மேல் ஆண்டுக் கட்டணமும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்டேட்மென்ட் தொகையை முழுதாகக் கட்ட முடியாது என்றால் இந்தக் கார்டே வேண்டாம். 3,000 டாலர் பாக்கிக்கு ஆண்டு வட்டி 24 சதவீதம் என்றால் மாதம் 60 டாலர். ஒன்பது மாதத்தில் போனஸ் மொத்தமும் வட்டியில் கரைந்துவிடும். அகலக்கால் வைக்க வேண்டாம்.

இப்போதுதான் அமெரிக்கா வந்தேன். எனக்குக் கிடைக்குமா?

கிரெடிட் வரலாறு இல்லாமல் சேஸ் தருவது கடினம். ஓராண்டாவது ஒரு சாதாரணக் கார்டைச் சரியாகக் கட்டிப் பழக வேண்டும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019 முதல் நோவா கிரெடிட் நிறுவனம் வழியாக இந்தியா உட்படச் சில நாடுகளின் கிரெடிட் வரலாற்றைப் பார்க்கிறது. ஊரில் நல்ல சிபில் வரலாறு உள்ளவருக்கு இது ஒரு கதவு. அதில் போகிறவர் ஆண்டுக் கட்டணம் இல்லாத ஹில்டன் கார்டில் தொடங்கலாம். அதற்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் இல்லை.

கணவனும் மனைவியும் தனித்தனியாக எடுக்கலாமா?

எடுக்கலாம். அதுவே நல்ல வழியும்கூட. ஒருவர் எடுத்து இலக்கை முடித்ததும், மற்றவருக்குப் பரிந்துரை இணைப்பு அனுப்பினால் அனுப்பியவருக்கும் பாயிண்ட் கிடைப்பது உண்டு. இருவரும் ஒரே மாதத்தில் எடுத்தால் செலவு இலக்கு இரட்டிப்பாகிவிடும், ஆகவே இடைவெளி விடுங்கள். ஹில்டனிலும் ஹயாத்திலும் இருவர் பாயிண்ட்டையும் கட்டணமின்றி ஒன்றாகச் சேர்க்கலாம்.

இரண்டாம் ஆண்டு கட்டணம் வரும்போது மூடிவிடலாமா?

12 மாதம் முடியும் முன் மூடாதீர்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கொடுத்த போனஸைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிபந்தனையில் இடம் உண்டு. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் ஸ்டேட்மென்ட்டில் விழுந்த பிறகு முடிவெடுக்கச் சுமார் 30 நாள் அவகாசம் இருக்கும். அதற்குள் மூடினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

மூடும் முன் ஆண்டுதோறும் வரும் இலவச இரவைப் பாருங்கள். ஐஎச்ஜி பிரீமியரில் 40,000 பாயிண்ட் வரையிலான ஓர் இரவு. விலை அதிகமான ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஹயாத் தன் ஹோட்டல்களைப் பாயிண்ட் விலைப்படி எண்ணிட்ட பிரிவுகளாக வைத்திருக்கிறது; அதில் 1 முதல் 4 வரையிலான பிரிவில் ஓர் இரவு. 95, 99 டாலர் கட்டணத்துக்கு 180 டாலர் அறை கிடைக்கிறது, நீங்கள் நிச்சயம் அதைப் பயன்படுத்துவீர்கள் என்றால் வைத்திருங்கள்.

கட்டணமில்லாத கார்டாகத் தாழ்த்தும் முன் ஒரு யோசனை: அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் தாழ்த்தி வாங்கிய கார்டும் "வைத்திருந்த கார்டு" என்று எண்ணப்படும். அந்தக் கார்டின் போனஸைப் பிறகு கேட்க முடியாது.

போனஸுக்கு வரி உண்டா?

செலவு செய்து பெற்ற போனஸ் பொதுவாகத் தள்ளுபடியாகவே கருதப்படுகிறது, வருமானமாக அல்ல. நண்பரைச் சேர்த்துவிட்டுப் பெறும் பாயிண்ட் வேறு. அதற்கு ஆண்டு முடிவில் வருமானத்தைக் காட்டும் 1099 படிவம் வரலாம்.

இலக்கை முடித்தும் பாயிண்ட் வரவில்லை. என்ன செய்வது?

ஸ்டேட்மென்ட் மூடும் வரை காத்திருங்கள். அதன் பிறகும் சில வாரம் ஆகலாம். அப்போதும் இல்லையென்றால் முதலில் உங்கள் பெயரைச் சோதியுங்கள். நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் பின்னால் வரும். ஹோட்டல் கணக்கைத் திறந்தபோது இனிஷியல் மட்டும் போட்டிருப்போம். கார்டு விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் ஹோட்டல் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால், உங்களுக்கே தெரியாமல் ஒரு புது உறுப்பினர் எண் உருவாகி, பாயிண்ட் அதில் போய் உட்கார்ந்திருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஹோட்டல் கணக்கில் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிசெய்து, உறுப்பினர் எண்ணை விண்ணப்பத்தில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இரண்டு கணக்கு உருவாகிவிட்டால், ஹோட்டலின் உறுப்பினர் சேவையை அழைத்து இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். பிறகு வங்கியைக் கூப்பிட்டு, கார்டில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்றாமல் விட்டால் அடுத்த மாதப் பாயிண்ட்டும் பழையபடி மூடிய கணக்கைத் தேடித்தான் போகும்.